வாய் மூடாத வளையங்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பிரேஸ்லெட் முடிந்தது. நூற்று எண்பத்தாறு வளையங்கள், ஒவ்வொன்றும் மிளகு அளவு. இரண்டு குறடுகளால் ஒரு வளையத்தைப் பிடித்து, முறுக்கித் திறந்து, நான்கு வளையங்களுக்குள் விட்டு, திரும்ப முறுக்கி, இரண்டு முனையும் ஒட்டும்படி வாயை மூட வேண்டும். ஒரு வரிசை இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். அந்தக் காலத்துப் போர்வீரன் உடம்பில் போட்டிருந்த இரும்புச் சட்டையும் இதே பின்னல்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கையில் போட்டுப் பார்த்ததும் நம்புகிறார்கள்.

பல்பு மறுபடி மட்டம். இவர் மூன்றாவது முறையாக மாற்றிவிட்டார். கடைக்காரன் பழைய பல்பைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறான், வேறென்ன? "முந்தின பல்பே நல்லாத்தானே எரிஞ்சுது" என்கிறார். இவரை ஏமாற்றுவது எல்லோருக்கும் சுலபம்.

மார்ச் 6, வியாழன்

துணிக்கடை அம்மா போன் செய்தார். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில்தான் என் சாமான்கள் இருக்கின்றன. போன தீபாவளிக்கு ஒருத்தி வாங்கிய பிரேஸ்லெட், அவளுடைய பட்டுச் சால்வையில் மாட்டி நூலை உருவிவிட்டதாம்.

"இன்னொரு தடவை புகார் வந்தா நான் வைக்க மாட்டேம்மா. கோவிச்சுக்காதீங்க."

கோபம் எனக்கென்ன. சால்வைக்காரி எங்கேயோ ஆணியில் மாட்டிக்கொண்டு பழியை என் மேல் போடுகிறாள். ஆனால் அந்த அம்மா போனை வைக்கும்போது இன்னொன்று சொன்னார். இதே மாதிரிப் பின்னலோடு வேறொரு பெண்ணும் வந்து காட்டினாளாம். பெயர் கேட்கவில்லையாம். எப்படி இருந்தாள் என்றேன். "சாதாரணமாத்தான் இருந்தா."

யார் அது?

பதினோரு வருடமாகப் பல் மருத்துவர் வாசலில் உட்கார்ந்து "டாக்டர் வந்துடுவார், உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல்லும் என்னுடையது இல்லை, டாக்டரும் என்னுடையவர் இல்லை. நான் செய்தது என்று உலகத்தில் இருப்பது அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான். அதை யாரோ குறி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். இந்தப் பின்னலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். இவர் பார்த்தாலும் புரியாது. மிச்சம் என் நாத்தனார்.

இவருடைய தங்கை. எட்டு மாதமாக எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுவதும் சட்டைகளைப் புரட்டி, விட்டுப்போன தையல், தொங்கும் நூல், ஒரு பொத்தான் ஏறி ஒன்று இறங்கியிருப்பது, எல்லாவற்றையும் பிடித்து ஓரமாகப் போடுவாள். குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தும் அந்தக் கண் ஓய்வதில்லை. நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

முன்பு இப்படி இல்லை, என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தொழிற்சாலைக் கதையெல்லாம் சொல்வாள். அக்டோபரில்தான் கெட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பரிசாக ஒரு கழுத்துச் சங்கிலி செய்து கொடுத்தேன். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். இவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த வளையத்துக்கு வாய் திறந்திருக்கு" என்றாள். அத்தனை பேர் முன்னால்! நானும் விடவில்லை. "வளையத்தை விட உன் வாய்தான் பெருசா திறந்திருக்கு, முதல்ல அதை மூடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு என் வேலையைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. எதிர் நாற்காலியில் உட்காருவதும் நின்றது.

முடி வெட்டுகிறவள், பால் போடுகிறவரின் மனைவி, டாக்டரின் மாமியார் வரை எல்லோருக்கும் செய்து கொடுத்தாகிவிட்டது. அவளுக்கு மட்டும் இன்னும் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

மார்ச் 12, புதன்

முடிச்சு!

முடித்த சாமானை மெல்லிய தாளில் சுற்றி நூலால் கட்டி மேஜை இழுப்பறையில் வைப்பேன். நான் இடதுகைக்காரி. என் முடிச்சு ஒரு பக்கமாகத்தான் விழும். இன்று எடுத்துப் பார்த்தால் நான்கு பொட்டலத்தில் மூன்று மறுபக்கம் முடிந்திருக்கிறது. அழகாக, சிக்கென்று, நுனி சமமாக வெட்டி. தொழிற்சாலை முடிச்சு.

இவரிடம் காட்டினேன். "முடிச்சுல என்ன இருக்கு? நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்றார். சேர்ந்திருந்தால் முதலில் இந்த வீட்டைத்தான் சோதனை போட்டிருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

குறடு நேற்று இடப்பக்கம் இருந்தது. இன்று வலப்பக்கம்.

மார்ச் 16, ஞாயிறு

பொறி வைத்துவிட்டேன்.

புது பிரேஸ்லெட்டில், கொக்கியிலிருந்து மூன்றாவது வரிசையில், ஐந்தாவது வளையத்தை வேண்டுமென்றே மூன்று வளையங்களுக்குள் மட்டும் விட்டேன். நாலாவதை விட்டுவிட்டேன். சும்மா பார்த்தால் தெரியாது. பார்த்துக் காப்பி அடிக்கிறவள் அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் அடிப்பாள். நாளைக்கு அவள் சாமான் எந்தக் கடைக்கு வந்தாலும் மூன்றாவது வரிசை காட்டிக்கொடுத்துவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்.

மருந்துச் சீட்டில் எழுத்தை இவ்வளவு பொடியாக எதற்குப் போடுகிறார்கள்? எதையோ மறைக்கத்தான். கையை நீட்டி நீட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

பொட்டலத்தைப் பிரித்தேன். மறுபடி அதே தொழிற்சாலை முடிச்சு. விரலால் தடவி வரிசை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது வளையம் நாலுக்குள்ளும் போயிருக்கிறது.

நான் விட்டது மூன்றில்தானே? மூன்றில்தான். இங்கேயே எழுதி வைத்திருக்கிறேனே.

அப்படியானால் அவள் பார்க்க மட்டும் இல்லை, பிரித்தே போட்டிருக்கிறாள். பிரித்துக் கோத்தால்தானே கற்றுக்கொள்ள முடியும். என் வீட்டில், என் மேஜையில், என் குறடால்!

இவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "திருட வந்தவ எதுக்குத் திருத்திட்டுப் போகணும்?"

தங்கை என்றால் பேச்சு எப்படி வருகிறது பார்.

மார்ச் 19, புதன்

கேட்டுவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதைப் பிரிச்சியா இல்லையா?"

"பிரிச்சேன் அண்ணி."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா." தலையைத் தூக்கவில்லை. "அண்ணி, அதுல வாய்…"

"வாயை மூடு! திருடி! தங்க இடம் கொடுத்தா கைத்தொழிலையே உருவுறியா? எந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டின, சொல்லு!"

"நான் திருடல அண்ணி."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். குற்றம் இல்லாதவள் கத்த மாட்டாளா? நான் என்றால் தெருவையே கூட்டியிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

போய்விட்டாள். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி இருக்கிறதாம். ஒரு பெட்டி, ஒரு பை. இவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னோடு பேசவில்லை.

நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 29, சனி

துணிக்கடைக்குப் பன்னிரண்டு உருப்படி கொடுத்தேன். என் முடிச்சு அப்படியே இருந்தது, பன்னிரண்டிலும். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இவர் "உப்பு" என்றால் உப்பு, "தண்ணி" என்றால் தண்ணீர், அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 2, புதன்

நான்கே நாளில் ஐந்து திரும்பி வந்துவிட்டன. ஒன்று கழுத்து முடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். ஒன்று கடையிலேயே, போட்டுப் பார்க்கும்போதே, பிரிந்து தரையெல்லாம் சிதறிவிட்டதாம். துணிக்கடை அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நடுவுல ரொம்ப சுத்தமா இருந்துச்சேம்மா. இப்ப என்ன ஆச்சு? கை சரியில்லையா?"

கடைசி வாய்ப்பு, இந்த மாத நடுவில் வேறு பன்னிரண்டு கொண்டுவரச் சொன்னார். அந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் கேட்டேன். போனில் படம் காட்டினார். தகட்டில் வளையம் மாதிரி அச்சு அடித்திருக்கிறது. கோக்கவே இல்லை. ஏதோ கம்பெனிக்காக வீடு வீடாக விற்கிறவளாம். "அன்னிக்கே வேண்டாம்னு அனுப்பிட்டேனே, சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

உண்மையைச் சொல்கிறேன். அவள் அறைக்குள் துப்புரவுக்காகப் போகவில்லை. இன்னும் ஏதாவது கிடைக்காதா என்றுதான் போனேன். நான் நினைத்ததில் பாதியாவது சரி என்று ஆக வேண்டாமா?

அலமாரிக் கீழ்த்தட்டில் ஒரு மிட்டாய் டப்பா. உள்ளே என் வளையங்கள். சின்னச் சின்னத் தாளில் மடித்து, ஒவ்வொரு தாள் மேலும் தேதி போட்டு, தொழிற்சாலைக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறாள். கையை நீட்டி நீட்டித்தான் படித்தேன்.

"நவம்பர் 20. வாய் திறந்தது 4."

"ஜனவரி 8. வாய் திறந்தது 7."

"மார்ச் 11. வாய் திறந்தது 15."

கடைசித் தாளில்: "மார்ச் 17. வாய் திறந்தது 18. மூணுல மட்டும் கோத்தது 1. அண்ணிக்கு இந்தத் தப்பு வராதே. உடம்பு சரியில்லையோ?"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வளையங்களை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் மூடித்தான் தெரிந்தது. ஒன்றில் கூட வாய் தெரியவில்லை. நகத்தை ஓட்டினேன். மாட்டியது. அடுத்ததும் மாட்டியது. அதற்கடுத்ததும்.

எத்தனை மாதம்! நான் கிளினிக்குக்குப் போன பிறகு, தன் ஷிஃப்டுக்கு முன்னால், உட்கார்ந்து மாற்றியிருக்கிறாள். கழற்றியதைத் தூக்கிப் போடக்கூட இல்லை. என்றைக்காவது நான் கேட்டால் காட்டுவதற்கோ? நான் கேட்டது வேறு. "அதுல வாய்…" என்று அவள் ஆரம்பித்தது வளையத்தின் வாயை. நான் மூடச் சொன்னது அவள் வாயை. இரண்டு முறை. ச்சீ, என்ன மனுஷி நான்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் பல் பார்க்கும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். ஒரு வளையத்தைப் பார்த்தேன். கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போன வீடு மாதிரி இருந்தது.

"ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்றார் டாக்டர். "அப்பாயின்ட்மென்ட் கார்டைப் படிக்க நீங்க கையை நீட்டுற தூரம் இன்னும் கொஞ்சம் கூடினா சுவர் இடிக்கும்."

சொல்லியிருக்கலாமே என்றேன். "பயம்தான்" என்று சிரித்தார். எல்லோருக்கும் என்னிடம் பயம். இதுவரை அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

கண்ணாடி போட்டாயிற்று. பல்பு நல்ல பல்புதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைக்கான பன்னிரண்டும் முடிந்தன. நடுவில் அவளுக்கும் ஒன்று செய்தேன், மூன்று நாளாக. கண்ணாடியோடு, ஒவ்வொரு வாயையும் நகத்தால் சோதித்து. கூட ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். "மன்னிச்சுக்கோ" என்று எழுதிப் பார்த்தால் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதின மாதிரி இருந்தது.

கடைசியில் கடிதம் வைக்கவில்லை. கொக்கியிலிருந்து மூன்றாவது வரிசையில், ஐந்தாவது வளையத்தைக் கழற்றி, மூன்றுக்குள் மட்டும் விட்டேன். அவளுக்குப் புரிய வேண்டும். இவரிடம் கொடுத்தனுப்பினேன். "என்ன சொல்லட்டும்?" என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம், பார்த்துக்கொள்வாள் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

பதில் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டாளாம், பிரிக்கவில்லையாம். நேரே குப்பையில் போட்டிருப்பாள். போடட்டும். நான் என்றால் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பத்து மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். இவர் போய்த் திறந்தார். நான் மேஜையை விட்டு எழவில்லை.

வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரேஸ்லெட்டை என் முன்னால் வைத்தாள். கையில் போட்டிருக்கவில்லை. என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு தப்பு இருக்கு அண்ணி. மூணாவது வரிசையில ஒண்ணு. அது வேணும்னே விட்டது."

"ஆமா."

"ஒன்பதாவது வரிசையில ஒண்ணுக்கு வாய் திறந்திருக்கு. அதுவும் வேணும்னேதானே?"

இழுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது வரிசை. இருந்தது, மயிரிழை அளவு. ஆமாம் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல. அது எனக்குத் தெரியல" என்றேன். "நீ சொன்னாத்தான் தெரியுது. உன்னை என்னென்ன சொல்லிட்டேன்…"

"முதல்ல இதை முடிப்போம்" என்றாள். வலப்பக்கம் இருந்த குறடை எடுத்து இரண்டையும் சரி செய்தாள். பிறகு கையை நீட்டினாள். கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். அளவு கொஞ்சம் பெரிது. இளைத்திருக்கிறாள்.

நாளைக்குக் கடைக்குப் போக வேண்டிய பன்னிரண்டும் மேஜையில் பொட்டலமாக இருந்தன. கேட்காமலேயே முதல் பொட்டலத்தை இழுத்து என் முடிச்சை அவிழ்த்தாள். தொழிற்சாலைக் கதை ஒன்றை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இவர் மூவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

மதியத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தன. திரும்பக் கட்டினது அவள்தான். நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.