பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

நவம்பர் 9, ஞாயிறு.

காலையில் சாணக்யபுரியில் பழைய கார்களின் அணிவகுப்பு. மகள் நித்யா கூட வந்தாள்.

"அப்பா, நம்ம காரை விக்காதீங்க. அதுவும் ஒருநாள் இப்படி நிக்கும், பக்கா."

"அதுல பாதி கம்ப்யூட்டர். செத்துப்போனா யாரு சரி பண்ணுவா?"

"அப்போ யாராவது இருப்பாங்க."

வீடு திரும்பியும் அந்தப் பேச்சு விடவில்லை. டெல்லியில் பத்து வயதான டீசல் கார் ஓடக்கூடாது. எங்களுடையதற்குத் தை மாதம் பத்து முடிகிறது. ஐம்பது ஆனால் அதே சட்டம் பழம்பொருள் என்று மரியாதை செய்யும். நடுவில் நாற்பது வருஷம் எங்கே நிறுத்துவது என்று கேட்டேன்.

"இங்கதான், கீழே வேப்பமரத்தடியில."

சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "மார்ச்சில உங்கப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். இந்த குவார்ட்டர்ஸே நமக்குக் கிடையாது. மரத்தடியாம்."

 

நாளை காரைப் பார்க்க வரும் தரகர், ஆயுதபூஜைக்கு பானட்டில் வைத்த சந்தனம் குங்குமத்தைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஈரத்துணியோடு இறங்கினேன். கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.