திரும்பி வந்த நட்சத்திரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் பார்சல் திங்கட்கிழமை பத்திரமாக வந்தது. பிரித்தால், பஞ்சுக்குள் சேலையில் குத்திக்கொள்ளும் அந்தப் பழைய வைர நட்சத்திர புரோச். கூடவே உன் கடிதம். அடுத்த மாதம் பத்தாம் தேதி உனக்குத் திருமணம், இனி இந்தக் குடும்பத்து நகையை நீ வைத்திருப்பது முறையில்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு உன் அத்தையிடம் நீட்டினேன்.

இரண்டு நாள் அவள் பார்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நம் பையன் தவறிப்போய் நாலு வருஷமானாலும் பெற்ற மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். போட்டுக் கொடுத்த டீயைக்கூட ஆறவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் வெடித்தாள். கோபம் கல்யாணத்தின் மேல் இல்லை, பார்சலின் மேல். கொடுத்ததைத் திருப்பி வாங்க நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன் என்று கேட்டாள். அவன் போனதுக்கப்புறம், அவ வெளியூர் வேலைக்குக் கிளம்பின அன்னைக்குத்தானே ஸ்டேஷன்ல வச்சுக் குத்திவிட்டேன், அது மருமகளுக்குக் கொடுத்ததா, அவளுக்குக் கொடுத்தது என்றாள். எனக்கே அன்றுதான் விளங்கியது.

ஊசி தளர்ந்திருந்ததால் பத்தரிடம் எடுத்துப் போனோம். அவர் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் தங்கம், நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். கையால் பட்டை தீட்டிய வைரமாம். இந்தக் காலத்துக் கல் மாதிரி பளீரென்று அடிக்காது, சுடர் மாதிரி நின்று ஒளிவிடும் என்றார். தூரமாகப் போகிறவர்கள் வழி தவறக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் நட்சத்திரம் கொடுப்பார்களாம். வழியெல்லாம் அவளுக்கே தெரியும், நீங்க ஊசியை இறுக்கிக் கொடுங்க என்றாள் உன் அத்தை. பத்தர் சிரித்துவிட்டார்.

இதைத் தபாலில் அனுப்ப மாட்டாளாம். தன் கையாலேயே உனக்குக் குத்திவிட வேண்டுமாம்.

அதில்தான் ஒரு சிக்கல். நீ தேதி எழுதினாய், இடம் எழுதவில்லை. எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டிருப்பாய். பொய் சொல்ல மாட்டேன் அம்மா, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதைவிடக் கஷ்டம். உன்னை மணக்கப்போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவருக்குச் சங்கடம் என்றால் ஒளிக்காமல் எழுது, நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும். சரி என்றால், பெண் வீட்டார் உட்காரும் பக்கத்தில் எங்களுக்கும் இரண்டு நாற்காலி போடச் சொல்.

ஆசிகளுடன்,
உன் மாமா