கண் வைத்தியத்துக்கு வந்த ஒழுங்கை

என் பயத்துக்கும் பக்திக்கும் கொஞ்சம் பொறாமைக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய அனர்த்தத்தை அறிவிக்கவே இதை எழுதுகிறேன். வெள்ளம் வரவில்லை, வீடும் தீப்பிடிக்கவில்லை. உங்கள் மகள் அபி, சமூகவியலில் முதுதத்துவமாணி, அதாவது எம்.ஃபில்., பட்டம் எடுக்கப் போனாள்.

அந்தப் பட்டத்தின் பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பவருக்கே பாதிப் பட்டத்தைக் கொடுத்துவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து. பல்கலைக்கழகத்தார் அவ்வளவு தாராளமானவர்கள் அல்லர். முதலில் ஒரு சிறப்புப் பட்டம் இருக்க வேண்டும். பிறகு ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம், புள்ளிவிபரம் என்று இன்னொரு பாடம், இரண்டுக்கும் பரீட்சை. அதன் பிறகு முன்மொழிவு. அதைக் கேட்க ஒரு நீள மேசையைச் சுற்றி ஆறேழு மேதாவிகள் உட்கார்ந்து பற்றிஸ் சாப்பிடுவார்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பியவர்கள்கூட இத்தனை நிபந்தனை போட்டிருக்கமாட்டார்கள், அத்தான்.

அபி கேட்டது சின்ன விஷயம். போர்க்காலத்தில் ஊரை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த எங்கள் சனம் ஏன் வந்தது, சண்டை முடிந்த பிறகும் ஏன் திரும்பிப் போகவில்லை? இதைக் கேட்க ஒரு வாயும் இரண்டு காதும் போதாதா? போதாதாம். கோட்பாடு எழுதிவிட்டுச் செத்துப்போன ஒரு வெளிநாட்டுக் கிழவரின் தோளில் ஏறி நின்றுதான் வெள்ளவத்தையின் காலி வீதியைப் பார்க்க வேண்டுமாம். எந்தக் கிழவர் என்று தெரிவு செய்யவே பிள்ளைக்கு ஆறு மாதம் போனது.

அடுத்தது நெறிமுறைக் குழு. அவர்கள் விதித்த விதிகளைக் கேளுங்கள். சொந்தக்காரரிடம் கேட்கக்கூடாது, தெரிந்தவரிடம் கேட்கக்கூடாது, பக்கச்சார்பு வந்துவிடும். இன்னாருடைய மகள் என்று சொல்லக்கூடாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். குழு அங்கீகரித்த கேள்விகளை, அங்கீகரித்த வரிசையில், ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். பெயர் என்ன? சொந்த ஊர் எது? கொழும்புக்கு எப்போது வந்தீர்கள்? எதற்காக வந்தீர்கள்? இந்த வீட்டில் உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளை முந்தி எங்கே கேட்டோம் என்று உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமே?

அபிக்கு வர நியாயமில்லை. அவள் ஹெவ்லொக் டவுன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் பிறக்க முந்தி நீங்கள் வெள்ளவத்தையில் லொட்ஜ் மனேஜராக ஆட்சி புரிந்த பொற்காலமும், அவள் கேள்விகளோடு ஏறி இறங்கிய சின்னத் தெருதான் அந்த லொட்ஜ் ஒழுங்கை என்பதும் அவளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்களை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, ஏன் வந்தாய் என்று துருவுகிற பொலிஸ் பதிவுக்கு ஒத்திகை பார்த்தீர்களே! "எஹெட்ட பெஹெத் கன்ன ஆவா." கண்ணுக்கு மருந்து எடுக்க வந்தேன். சிங்களத்தில் அந்த ஒரு வரியைக் கிழவிகளுக்கும் குமரிகளுக்கும் தீட்டித் தீட்டி ஏற்றினீர்கள். "சும்மா சொல்லாதேங்கோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லுங்கோ!" உலகத்தின் எந்த நாடகக் கல்லூரியும் அப்படி ஒரு பயிற்சி கொடுத்ததில்லை. எங்கள் லொட்ஜில் இருந்த ஒருவரையும் பொலிஸ்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அதுவும் உண்மை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், அக்கா ஊற்றித் தந்த தேத்தண்ணியோடு நான் மகாராசா மாதிரி உங்கள் கதிரையில் சாய்ந்திருந்தேன். (ஓம், உங்கள் கதிரைதான். சாபம் போடாதீர்கள்.) இரண்டு வருட விடைகளைக் கூட்டி ஆய்வேட்டின் முதல் பிரதியைக் கொடுத்துவிட்டு, அபி கண்கள் மின்ன ஓடி வந்தாள்.

"மாமா, ஒரு அதிசயம்! வெள்ளவத்தையில நான் கேட்ட ஒழுங்கை முழுக்கக் கண் வருத்தக்காரர்!"

"என்னடி சொல்லுறாய்?"

"ஏன் கொழும்புக்கு வந்தனீங்கள் எண்டு கேட்டா, ஆளுக்கு ஆள் கண்ணுக்கு மருந்து எடுக்க வந்தனாங்கள் எண்டுதான் சொல்லினம். கொட்டாஞ்சேனைக்கு மாறிப்போன சனமும் அதையேதான் சொல்லுது. என்ர சுப்பவைசருக்குச் சரியான சந்தோசம். மருத்துவ இடப்பெயர்வு எண்டு புதுக் கோட்பாடே எழுதலாமாம். ஒரு அன்ரி சொல்லேக்க கண்ணைக் கசக்கிக்கூடக் காட்டினவ!"

கண்ணைக் கசக்கிக் காட்டினாள்! என் வாயிலிருந்த தேத்தண்ணி வெள்ளவத்தைக் கடல்வரைக்கும் தெறித்தது, அத்தான். ஒரு கிழமைக்கு மீன்களெல்லாம் தித்தித்திருக்கும். நான் சிரித்த சிரிப்பில் அக்கா ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்க வெளிக்கிட்டுவிட்டாள். மூச்சு வந்ததும் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லொட்ஜ், மண்டபம், ஒத்திகை, அந்தச் சிங்கள வரி, அதை இயற்றிய மகாகவி அவளுடைய அப்பா என்பது, எல்லாம்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நான் ரெண்டு வருசமா அப்பாவின்ர பொய்யைச் சேர்த்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றாள்.

அடுத்த நாளே, குழுவின் விதிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அவளைச் செல்வமக்காவிடம் கூட்டிப் போனேன். எங்கள் லொட்ஜில் கீழ்த் தட்டில் இருந்தாவே, சட்டை தைக்கிற செல்வமக்கா. அவதான் கண்ணைக் கசக்கியவ. இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறா.

"அக்கா, இவ ஆரெண்டு தெரியுமோ? எங்கட மனேஜரின்ர மகள்."

"எடியே! மனேஜர் தம்பியின்ர பிள்ளையோ? முதலே சொல்லியிருக்கக் கூடாதே? கழுத்தில காட், கையில மட்டை. பேர் என்ன, ஊர் என்ன, எப்ப வந்தனீங்கள், ஏன் வந்தனீங்கள்... திரும்பவும் பதிவு தொடங்கிட்டாங்கள் எண்டெல்லோ நினைச்சன். என்ர வாய் தன்பாட்டில சொல்லிப்போட்டுது."

"அப்ப உண்மையா ஏன் வந்தனீங்கள், அன்ரி?"

செல்வமக்கா தையல் மெசினை நிறுத்தினா. "மகனைத் தேடி வந்தனான், பிள்ளை. அவனைப் பிடிச்சுக் கொழும்புக்குக் கொண்டு போனவங்கள் எண்டு ஆரோ சொல்லிச்சினம். இஞ்ச வந்தும் தேடாத இடமில்லை. இப்ப ஊருக்குப் போ எண்டு எல்லாரும் சொல்லினம். நான் போனாப் பிறகு அவன் வந்து கேட்டா, இஞ்ச ஆர் இருக்கினம்?"

நான் ஒரு பகிடியும் விடாமல், தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அதை நீங்களே நம்பமாட்டீர்கள்.

இரண்டு வருடமாக மேதாவிகள் தேடிய விடை, ஏன் வந்தார்கள், ஏன் திரும்பவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து, அந்த மெசினுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அபி அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் அம்மையாரிடம் போனாள். அந்தப் பெருமாட்டி என்ன சொன்னா தெரியுமா? மருத்துவ இடப்பெயர்வு பற்றி ஒரு மகாநாட்டுக்கு ஏற்கெனவே கட்டுரை அனுப்பியாயிற்றாம். சனம் சொன்னதை எழுதினது அபியின் பிழையில்லையாம். இருக்கிறபடியே சமர்ப்பியுங்கள், பட்டம் நிச்சயம் என்றாவாம். விதியை மீறிக் கேட்ட விடை கணக்கில் சேராதாம். அதைச் சேர்க்க வேண்டுமென்றால் புதுக் கேள்விகள், புது முன்மொழிவு, புது அங்கீகாரம், பதிவிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டுமாம்.

இவர்கள்தான் அத்தான், அபியின் முதல் பிரதியை, பக்கத்தின் இடது ஓரம் ஒரு விரல் அகலம் குறைந்துவிட்டதென்று திருப்பி அனுப்பியவர்கள். ஓரம் பிழையானது கண்ணில் பட்டது. உள்ளே ஒரு ஒழுங்கையே பொய் சொல்லிக்கொண்டிருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. உண்மையிலேயே கண் வைத்தியம் யாருக்குத் தேவை?

பிள்ளையின் நிலை பகிடிக்குரியதல்ல. அதே துறையில் விரிவுரையாளர் இடமொன்று அவளுக்காகக் காத்திருந்தது, இந்த வருட முடிவுக்குள் பட்டம் கையில் இருந்தால். திரும்பத் தொடங்கினால் அந்த இடம் வேறொருவருக்கு. மூன்று நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் அக்கா பொறுமை இழந்தாள்.

"பேசாமக் குடுத்திட்டு வாவன், அபி. ஆருக்குத் தெரியப் போகுது? கொப்பர் உயிரோட இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

"அம்மா, அந்த மனுசி மகனைத் தேடி வந்தவ. நான் அதைக் கண் வருத்தம் எண்டு அச்சடிச்சு, பட்டை போட்டுக் கட்டி, லைப்ரரியில வைக்கோணுமோ?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப குடுக்காதே" என்றாள்.

கொடுக்கவில்லை. ஆய்வேட்டை மீளப் பெற்றுக்கொள்கிறேன் என்று அபி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். விரிவுரையாளர் இடம் போயிற்று. மருத்துவ இடப்பெயர்வு வேறு யாரோ ஒருவருடைய பெயரில் மகாநாட்டுக்குப் போய்க் கைதட்டு வாங்கியதாகக் கேள்வி. வாங்கட்டும். பற்றிஸும் சாப்பிடட்டும்.

அபி திரும்பப் பதிவு செய்திருக்கிறாள், வேறொரு மேற்பார்வையாளரோடு. தெரிந்தவர்களிடம்தான் கேட்பேன், யாருடைய மகள் என்று சொல்லித்தான் கேட்பேன் என்று முன்மொழிவிலேயே எழுதிவிட்டாள். ஆறேழு மேதாவிகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார்களாம். பட்டம் கிடைக்குமோ தெரியாது. அந்தப் பட்டத்துக்கு இவள் கிடைப்பது பெரிய காரியம்.

இப்போதுதான் உங்களைப் பற்றிய பகுதி. நேற்று என்னிடம் கேட்டாள்: "மாமா, அப்பா உண்மையா ஏன் கொழும்புக்கு வந்தவர்?"

தேத்தண்ணி ஆறுதென்று சொல்லி எழும்பிப் போய்விட்டேன். கனடாவுக்குப் போக வந்த உங்களை ஏஜென்சிக்காரன் காசை வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் விட்டு ஓடினதையும், ஊரில் இருந்த உங்கள் அம்மாவுக்கு அதை எழுத வெட்கப்பட்டு "கண் வைத்தியத்துக்காக நிற்கிறேன்" என்று எழுதினதையும், அந்தப் பொய்யைத்தான் பிறகு அத்தனை பேருக்கும் குடையாகப் பிடித்ததையும், லொட்ஜில் உங்களோடு ஒரே அறையில் கிடந்த என்னைத் தவிர ஒருவரும் அறியார். உங்களைக் கட்டின என் அக்காவும் அறியாள். சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். அது என்ன அத்தான், அவ்வளவு பெரிய வெட்கமா?

கோபிக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அக்காவையும் பக்கத்தில் இருத்திவைத்து, உங்கள் மகளுக்கு அதைச் சொல்லப் போகிறேன். அவளுடைய புது ஆய்வின் முதல் விடை உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். எலியைப் பூனை அளவுக்குக்கூட ஊதமாட்டேன். நடந்ததை, நடந்தபடி சொல்வேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக.

உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறி, உங்கள் பிள்ளையிடம் வாய் திறக்கப் போகும்,
ஒரேயொரு மச்சான்,
குணம்