மூன்று துறைகளில் கிளர்ச்சி

பாசமுள்ள சவரி அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் இருட்டே கிடையாது என்று உன் அடக்கப் பூசையில் சாமியார் சொன்னார். அப்படியானால் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுப் பிழைத்த உனக்கு அங்கே என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்?

ஆவூர் வீட்டில் உன் ஜெனரேட்டர் ஒரு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் சும்மா கிடந்தது. மதினி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் திரும்பாமலே நடப்பார். போன மாதம் ஒருநாள், "பழைய இரும்புக்காரர்ட்ட சொல்லிட்டேன் ஸ்டெல்லா. ஒங்கண்ணன் தொட்டாத்தான் அது ஓடும். நம்ம ரெண்டு பேரும் செபமாலை சொன்னாலும் ஓடாது" என்றார்.

"எங்க காலேஜ் கருத்தரங்கு அன்னிக்குப் பகல் முழுக்க கரண்ட் கட்டு மதினி. அதுக்கு ஒரு தடவ கொண்டுவாங்க. ஓடலைன்னா ஒங்க இஷ்டம்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

கருத்தரங்கின் கதையைக் கேள். அணுவைப் பற்றி நான் நடத்தும் பாடத்திலும், நரம்பைப் பற்றி விலங்கியல் வாசுகி நடத்தும் பாடத்திலும், உன் ஜெனரேட்டரிலும் ஒரே சொல்தான் வருகிறது. நீ அதை 'எக்சைட்டேசன்' என்பாய். தமிழில் கிளர்ச்சி. மூன்றையும் ஒரே மேடையில் பேசவைத்தால் என்ன என்று தோன்றியது. புதுக்கோட்டையில் பேனர் அடிக்கக் கொடுத்தேன். 'மூன்று துறைகளில் கிளர்ச்சி' என்பது மட்டும்தான் நான் எழுதிக் கொடுத்தது. சிவப்புப் பின்னணியும், கீழே 'அனைவரும் அலைகடலெனத் திரண்டு வாரீர்!' என்ற வரியும் பேனர் கடைக்காரர் பிரியப்பட்டுச் சேர்த்தவை.

கருத்தரங்கு அன்று காலையில் கல்லூரி வாசலில் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

"மேடம், இந்தக் கிளர்ச்சிக்குப் பெர்மிசன் வாங்கியிருக்கீங்களா?"

"பிரின்சிபால்ட்ட வாங்கிட்டோம் சார்."

"அவரும் இதுல இருக்காரா? சரி, யாரு செய்றாங்க?"

"எலக்ட்ரான்ங்க."

"அது எந்த அமைப்பு? நம்ம மாவட்டத்துல கேள்விப்பட்டதில்லையே."

"எல்லா மாவட்டத்துலயும் இருக்கு சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "சார், இது பாடம். உள்ள வந்து நீங்களே கேளுங்க" என்று முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவர் உட்கார்ந்த கையோடு கரண்ட் போனது. சந்தேகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மைக் இல்லாமலே நான் தொடங்கினேன். எலக்ட்ரானுக்குச் சரியான அளவு ஆற்றல் கொடுத்தால் மேல்நிலைக்குத் தாவும், அங்கே நிலைக்க முடியாமல் இறங்கும், இறங்கும்போது ஒளியைக் கொடுக்கும் என்றேன். கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து வாசுகி எழுந்தார். அவருக்கு மைக் எதற்கு? "லேசாத் தூண்டினால் நரம்பு அசையாது. ஓர் அளவைத் தாண்டித் தூண்டினால் முழுசாகக் கிளர்ந்தெழும்! பக்கத்து இடத்துக்கும் பரவும்! பரவி முடிந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு தூண்டினாலும் ஒன்றும் எழாது!" போலீஸ்காரர் அனுபவசாலியைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பேச வேண்டிய மின்னியல் ஆசிரியருக்குக் காய்ச்சல், வரவில்லை. அவர் நேரத்தையும் சேர்த்து வாசுகியே பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மதினி லோடு ஆட்டோவில் உன் ஜெனரேட்டரோடு வந்து இறங்கினார். நர்ஸ் சீருடைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. கைப்பிடியை மாட்டி அவரே சுற்றினார். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு இஞ்சின் தடதடவென்று ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் மீட்டர் முள் அசையவில்லை. ஒரு பல்புகூட எரியவில்லை.

மதினி இஞ்சினை நிறுத்தினார். "நாந்தான் சொன்னேன்ல" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து யோசித்தேன். இரும்புக்குள் ஒட்டியிருக்கும் கொஞ்சம் காந்தத்தில்தான் முதல் மின்சாரம் பிறக்கும். அது காந்தத்தை வளர்க்கும், வளர்ந்த காந்தம் மின்சாரத்தை வளர்க்கும். ஒரு வருஷம் சும்மா கிடந்ததில் அந்த மிச்சக் காந்தமும் போயிருக்கும். "மதினி, இது ரிப்பேரே இல்ல. தொடங்கி வைக்க ஒரு பேட்டரி வேணும், அவ்வளவுதான்" என்றேன்.

"ஆமா, மழைக்காலத்துல சும்மா கெடந்துச்சுன்னா அவரு பேட்டரி வச்சு ரெண்டு ஒயரத் தொடுவாரு. இந்தா, இங்கிட்டுத்தான்" என்று மூடியைத் திறந்து காட்டினார்.

கைப்பிடியில் கிளம்பும் இஞ்சினில் பேட்டரி ஏது? சுற்றிலும் பார்த்தேன். போலீஸ்காரர் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என் வண்டில இருக்கு மேடம், கழட்டிக்கங்க" என்று சீட்டைத் தூக்கினார்.

பிளஸ்சும் மைனசும் மாறாமல் பார்த்து ஒயரைத் தொட்டேன். சின்னப் பொறி ஒன்று வந்தது. அப்போது மதினி மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு ஒரு தொடு போதும். அன்னிக்கு ஆஸ்பத்திரில அவரு நெஞ்சுல எத்தன தடவ ஷாக் வச்சோம் ஸ்டெல்லா. எங்கையாலதான வச்சேன்."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் பேட்டரியை எடுத்துத் தள்ளி வைத்தேன். மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

இந்தத் தடவை முள் துள்ளி ஏறியது. அரங்கத்தில் அத்தனை விளக்கும் எரிந்தன. ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்த வாசுகியின் குரல் மைக்கிலும் சேர்ந்துகொள்ள, மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. மதினி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

போலீஸ்காரர் ஓரமாக நின்று போனில் பேசினார். "ஆமாங்கய்யா, கிளர்ச்சி நடந்துச்சு. வெற்றிதாங்கய்யா. இல்லைங்கய்யா, பேட்டரி நம்மளுதுதான்."

பழைய இரும்புக்காரர் மறுநாள் வந்தார். மதினி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். போன ஞாயிறு நான் ஆவூர் போனபோது, கரண்ட் இருக்கும் பட்டப்பகலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "எதுக்கு மதினி?" என்றேன்.

"சும்மாதான். அது ஓடுனா வீட்ல ஆளு இருக்க மாதிரி இருக்கு."

மாதம் ஒரு ஞாயிறு டீசல் கேனோடு நான் ஆவூர் போய்விடுவேன், அண்ணே. அந்தக் காந்தம் செத்துப்போக விடமாட்டோம். இது சத்தியம்.

உன்னை இன்னும் 'நீ' என்றே கூப்பிடும்,
உன் தங்கச்சி ஸ்டெல்லா