மஞ்சள் ரிபனில் நீங்கள் சொன்னது

இன்று காலை ஒரு சிறுமியின் சட்டைக்கு மஞ்சள் சாட்டின் ரிபன் வைத்து அயர்ன் பண்ணினேன். சூடேறிய சாட்டினின் வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. பக்கத்துத் தையல் மெஷினில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். நீங்கள் போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது.

இந்தக் கடையில் பல வருடம் அருகருகே இருந்து தைத்தோம். நீங்கள் போர்த்துக்கல்லின் தீவொன்றிலிருந்து வந்தவர், நான் யாழ்ப்பாணத்திலிருந்து. இருவரிடமும் இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். ஆனாலும் நினைவில் உங்கள் பேச்சு எனக்குத் தமிழாகவே கேட்கிறது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம், அகலமான மஞ்சள் ரிபன் ஒன்றை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தீர்கள். போர்த்துக்கல்லில், கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த உங்கள் பேத்தி அனுப்பியது. அங்கே படிப்பு முடிக்கும் மாணவர்கள், தங்கள் துறைக்குரிய நிறத்தில் ரிபன் கொடுத்து, வேண்டியவர்களிடம் வாழ்த்து எழுதி வாங்குவார்களாம். மருத்துவத்துக்கு மஞ்சள்.

"சந்தோசமான விசயம்தானே, ஏன் அழுறியள்?" என்றேன்.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இது என்ர பிள்ளையளுக்கே தெரியாது."

"நான் இங்கிலீசில எழுதித் தாறன்."

"வேண்டாம். நான் எழுதினன் எண்டு நினைப்பாள். பொய்யாப் போயிடும். உன்ர எழுத்தில எழுது. என்னெண்டு கேட்பாள்தானே, வாயால சொல்லுறன்."

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'வருத்தக்காரரைத் தொட முதல் உன் கையைச் சூடாக்கிக்கொள். பயந்துபோய்ப் படுத்திருப்பவருக்குக் குளிர்ந்த கை பிடிக்காது.' வாழ்த்தென்று ஒரு சொல்லும் இல்லை. எழுதி முடியும்வரை ரிபனின் ஓரங்களை இழுத்துப் பிடித்திருந்தீர்கள்.

அதன்பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்களுக்குத் துணையாக வந்த ஆஸ்பத்திரியில் யாராவது உங்களிடம் எதையாவது வாசிக்க நீட்டினால், "கண்ணாடி கொண்டு வரேல்லை" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். நீங்கள் சிரித்தபடி தலையாட்டுவீர்கள்.

உங்கள் இறுதிப் பூசைக்கு வந்த பேத்தி, தேவாலய வாசலில் என்னைத் தேடிப் பிடித்தாள். "அந்தத் தமிழை எழுதினது நீங்கள்தானே?" என்று கேட்டாள். தலையசைத்தேன். உங்கள் ரகசியம் என் வாயால் வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"தனக்கு எழுதத் தெரியாதெண்டு, ரிபன் கிடைச்ச அண்டைக்கே போனில சொன்னவ," என்றாள். "ரெண்டு பேரும் கனநேரம் அழுதனாங்கள்."

நான் காவல் காத்துக்கொண்டிருந்த பாரத்தை நீங்கள் எப்போதோ இறக்கி வைத்துவிட்டீர்கள். கோபம் வரவில்லை. உங்களுடைய அந்தத் துணிவுதான் வீடுவரை என்னோடு வந்தது.

என் மகனுக்கு அவனுடைய அப்பா ஊரில் எப்படி இறந்தார் என்று தெரியாது. கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து சாப்பிட வருகிறான். இந்த முறை அவன் கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.