சத்தம் போட்டபடி மெதுவாக

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறரை மணிக்குக் கிளம்பும் சிறிய விமானம் இன்றும் ஜன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்துவிட்டுத்தான் போனது. விமான நிலையத்தருகே வீடு என்றதும், தலைக்கு மேலே பறக்குமே என்று எல்லாரும் அனுதாபப்படுகிறார்கள். எங்களுக்குத் தலைக்கு மேலே தொல்லை இல்லை. பக்கவாட்டில்தான். வேலிக்கு அப்பால் உள்ள பாதையில் விமானங்கள் ஓடுதளத்தை நோக்கி உருண்டு போகும். எங்கள் கட்டடத்துக்கு நேரே அந்தப் பாதை சற்றுச் சரிவாக இறங்குகிறது. இந்த விமானம் பத்தொன்பது பேர் ஏறக்கூடியது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள். இத்தனை நாளும் லேசான முனகலோடு கடந்து போன அது, இரண்டு வாரமாகச் சரிவுக்கு வந்ததும் உறுமுகிறது.

மருமகள் அதே விமானத்தில் துணை விமானி. கேட்டேன். "ஆமா அத்தை, கொஞ்சம் சத்தம்தான்" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டாள். தரையில் விமானத்தைத் திருப்பும் பிடி இடப்பக்க நாற்காலிக்கு மட்டும்தான் உண்டு. இவள் வலப்பக்கத்துக்காரி. இவளைக் கேட்டு என்ன பயன்?

மார்ச் 5, வியாழன்

உறுமல் இன்று இன்னும் நீளம். எதிர்வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது. நியாயம் நாயின் பக்கம்.

மார்ச் 8, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். விமான நிலைய மேலாளரை வரவழைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. யாரைப் பார்த்தாலும் பையைத் திறக்கச் சொல்லப்போகிறவர் போலவே பார்ப்பார். என்னிடம் வந்து, "டீச்சரம்மா, நீங்க பிசிக்ஸ் சொல்லிக்குடுத்தவங்க. நீங்க பேசினாதான் எடுபடும்" என்றார். கல்லூரிப் பேராசிரியையை டீச்சரம்மா ஆக்கியதை மன்னித்து எழுந்தேன்.

விசிறி கூடுதலாக உறுமுகிறதென்றால் கூடுதலாக உந்துகிறது என்று பொருள். சரிவில், அதுவும் வேலியோரம் பிள்ளைகள் பள்ளி வண்டிக்கு நிற்கிற நேரத்தில், இப்படி உந்தி ஓட்டுவது பொறுப்பற்ற வேகம். அந்த விமானியைக் கண்டிப்பது நிர்வாகத்தின் கடமை. இவ்வளவுதான் சொன்னேன். கைதட்டினார்கள். மேலாளர் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்து வழக்கத்துக்கு மேல் ஒரு காபி குடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது மருமகள், "அத்தை, கூட்டத்துல பேசினீங்களாமே" என்றாள்.

"பேசாம? எவனோ கண்ணுமண்ணு தெரியாம ஓட்டறான்."

"ஓட்டறான் இல்ல அத்தை. ஓட்டறா."

ஊர் உலகத்துக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் பல் மருத்துவனான என் மகன், தன் வாயை இறுக மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று வாரமாக இடப்பக்க நாற்காலியில் இருப்பது இவள்தானாம். பயிற்சி தரும் மூத்த விமானி வலப்பக்கம் உட்கார்ந்து கவனிக்கிறாராம். "பாஸாயிட்டு சொல்லலாம்னு இருந்தேன். நடுவுல சொன்னா தினம் மார்க் கேப்பீங்க." கேட்டிருப்பேன்தான். கேப்டனாவதற்கான இறுதிச் சோதனை அடுத்த வாரம் இருந்தது. என் பேச்சுக்குப் பிறகு நிறுத்தி வைத்துவிட்டார்கள். புகார் தீர்ந்தால் உண்டு; தீராவிட்டால் அடுத்த வருடம் முதலிலிருந்து.

"மேனேஜர் உங்களை ரொம்பப் புகழ்ந்தார் அத்தை. இவ்வளவு தெளிவா யாரும் புகார் சொன்னதே இல்லையாம்."

என்னத்துக்கு எனக்கு இவ்வளவு வாய்? ஆனால் — சொன்னது தப்பா? உறுமினது உறுமினதுதானே. ஓட்டறது நம்ம வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சதும் வேகம் குறைஞ்சிடுமா? வாபஸ் வாங்கினால் அவளுக்கு நல்லது. பிள்ளைகள் நிற்கிற இடத்துக்கு? முடியாது. தூக்கமும் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

காலை வேளையில் விசிறிகளின் நெம்புகோலைச் சத்தம் வரும் அளவுக்குப் பின்னால் இழுக்கக் கூடாது என்று உத்தரவாம். பயிற்றுநரே இடப்பக்கம் மாறிக்கொண்டு ஓட்டினார். விமானம் பூனை போலப் போனது. தலைவர் தொலைபேசியில் அழைத்து, "ஜெயிச்சிட்டோம்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பெல்லாம் உறுமல் கேட்டு நான் எழுந்து, செருப்பைத் தேடி, பால்கனிக்கு வந்து சேர்ந்த பிறகும் விமானம் சரிவிலேயே இருக்கும். இன்று செருப்பு அகப்படுவதற்குள் திருப்பத்துக்குப் போய்விட்டது. அங்கே மூக்கு குனிந்தது, பிரேக் கிறீச்சிட்டது. சத்தம் குறைந்தபோது வேகம் கூடியிருக்கிறது. இது சரியில்லை. விமானத்தைச் சொல்லவில்லை, என் விளக்கத்தைச் சொல்கிறேன்.

மார்ச் 14, சனி

மூக்குக்கண்ணாடி வாங்க மருமகளோடு காரில் போனேன். சத்தம் குறைந்தால் வேகம் ஏன் கூடுகிறது என்று பாதி வழியில், கேட்க மனமில்லாமல், கேட்டேன்.

"ஜன்னலை இறக்குங்க அத்தை. கையை வெளிய நீட்டுங்க. உள்ளங்கை தரையைப் பாக்கட்டும்."

நீட்டினேன். கை கத்தி போலக் காற்றைக் கிழித்துக்கொண்டு சும்மா இருந்தது.

"இப்ப லேசா சாய்ங்க."

காற்று கையை மேலே தள்ளியது. எதிர்ப்புறம் சாய்த்தேன், கீழே அமுக்கியது.

"கார் வேகம் மாறல, கைதான் திரும்புது. எங்களுக்கும் அப்படித்தான். தரையில விசிறி சுத்தற வேகத்தைவிட, அதோட இறகு நிக்கற கோணம்தான் முக்கியம். நெம்புகோலை முன்னால தள்ளினா இறகு காத்தைக் கடிச்சு இழுக்கும், விமானம் போகும். நடுவுல விட்டா இறகு கிட்டத்தட்ட தட்டை. சுத்தும், பெருசா இழுக்காது. அதையும் தாண்டிப் பின்னால வந்தா இறகு எதிர்ப்பக்கம் திரும்பிடும். காத்தை முன்னாடி தள்ளும், விமானத்தைப் பிடிச்சு நிறுத்தும். அப்பதான் உறுமும்."

"அப்போ நான் கேட்ட உறுமல்..."

"பிரேக், அத்தை. சரிவுல தட்டையா விட்டாலும் வண்டி தானா வேகம் எடுக்கும். மத்தவங்க காலால பிரேக்கை அழுத்திக்கிட்டே போவாங்க, சக்கரம் சூடாகும். ஓடுதளத்துல அவசரமா நிறுத்தணும்னா அந்தச் சூடு காலை வாரிடும். நான் இறகாலயே பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தவர் எரிச்சலோடு, "பெரியம்மா, லெஃப்டா ரைட்டா, ஒண்ணு சொல்லுங்க" என்றார். கை இன்னும் வெளியில்தான் இருந்தது.

முப்பது வருடம் ஒளியியல் நடத்தினேன். ஒலி, பக்கத்து அறைக்காரரின் பாடம். அந்த மனிதர் கூட்டத்தில் இருந்திருந்தால் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கே இதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன். நான் போய்ச் சொன்னால் சங்கமும் நம்பாது. மருமகளுக்காகக் கட்சி மாறிவிட்டேன் என்பார்கள். அவர்கள் காதே சாட்சி சொன்னால்தான் உண்டு.

மார்ச் 15, ஞாயிறு

பிற்பகல் விமானத்துக்குத் தடை உத்தரவு இல்லை. மருமகள் அதைத் தன் வழக்கப்படி ஓட்ட, பயிற்றுநர் ஒப்புக்கொண்டார். தலைவரையும் பொருளாளரையும் முதல் மாடி நர்ஸையும் பால்கனிக்கு அழைத்து, வேலிக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். நர்ஸ் மட்டும், "திரும்பினா முட்டி போடச் சொல்லுவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

உறுமல் தொடங்கியது. "வேகமா, மெதுவா?" என்றேன்.

"இதுல என்ன சந்தேகம், பறக்கறான்" என்றார் தலைவர். பொருளாளர் தலைவரை வழிமொழிந்தார். அவருக்கு அதுதான் வேலை.

"இப்ப திரும்பிப் பாருங்க."

வேலியோரமாக மூட்டைமுடிச்சு இழுக்கும் டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு கையால் காது குடைந்தபடியே விமானத்தை முந்திக்கொண்டு போனார். முதலில் சிரித்தவள் நர்ஸ்.

தலைவர் தன் சுங்க அதிகாரிப் பார்வையில் என் பையைத் திறந்தார். "மருமகளுக்காகத்தானே டீச்சரம்மா இதெல்லாம்?"

"அவளுக்காகன்னா முந்தின கூட்டத்துலயே வாயை மூடியிருப்பேன். தெரியாத பாடத்தை நடத்தினது நான். தப்புன்னு சொல்ல வேண்டியதும் நான்தான்."

அவர்கள் முன்னாலேயே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து அதையே சொன்னேன். சொல்வதற்கு அப்படியொன்றும் இனிமையாக இல்லை. ஆனால் நர்ஸ் விடவில்லை. "வேகம் இல்ல, சரி. சத்தம் சத்தம்தானே? நைட் டூட்டி முடிச்சிட்டு ஆறரைக்குத்தான் நான் கண்ணை மூடறேன்."

நியாயமான கேள்வி. மேலாளரும் அதையேதான் சொன்னார்: வேகப் புகார் தீர்ந்தது, சத்தப் புகார் நிற்கிறது, அது தீரும்வரை சோதனை இல்லை.

மார்ச் 18, புதன்

மருமகள் நேற்று நர்ஸ் வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். சரிவுக்கு வரும்போதே வேகம் அதிகமாக இருந்ததால்தான் இறகை அத்தனை தூரம் பின்னால் திருப்ப வேண்டியிருந்தது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். கட்டடங்கள் இல்லாத பகுதியிலேயே வேகத்தைத் தணித்துவிட்டால், சரிவில் இறகு இம்மியளவு திரும்பினால் போதும். நிர்வாகம் ஒரு வாரம் அனுமதி தந்திருக்கிறது. தீர்ப்பு நர்ஸ் கையில்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்க விழிச்சுக்கிட்டே கேப்பீங்க அத்தை. தூங்கறவங்ககிட்டதான் கேக்கணும்."

மார்ச் 22, ஞாயிறு

முதல் நாள் உறுமல். இரண்டாம் நாள் அரை உறுமல். இன்று ரீங்காரம் என்று சொல்லலாம். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. டிராக்டரும் விமானமும் சேர்ந்தாற்போல் போயின.

மார்ச் 25, புதன்

நர்ஸ் மாடியேறி வந்து, "மேடம், இன்னிக்கு ஃப்ளைட் கேன்சலா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொட்டாவி விட்டபடி இறங்கிப் போனாள். உடனே மேலாளரை அழைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

இன்று சோதனை. பார்க்கக் கூடாதென்று முடிவு செய்திருந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் பால்கனிக்குப் போனேன். இரண்டு முறை ஊற்றிவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. மகன் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டே, "அம்மா, அவ போயிட்டாளா?" என்று கேட்டான். எனக்கெப்படித் தெரியும்?

சாயங்காலம் அவள் வந்து தொப்பியைக் கழற்றி என் புத்தகங்கள் மேல் வைத்தாள். எடுத்து ஆணியில் மாட்டச் சொன்னேன். சட்டையின் தோளில் நான்கு கோடுகள்; நான்காவது மட்டும் புதிதாக மின்னியது.

"இன்னிக்குப் பக்கத்துல வாத்தியார் இல்ல அத்தை. நான்தான் கேப்டன். சரிவுல எப்படி இருந்துச்சு?"

"தெரியல. தூங்கிட்டேன்."

அன்றிரவு அவள் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டாள்.