மரோலாப்பாவில் குடியேற வருபவர்களுக்கு

போர்ட் விலா,
மார்ச் 3.

மதிப்பிற்குரிய திரு. டேரல் விக்கம் அவர்களுக்கு,

பிரிஸ்பேனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நீங்களும் திருமதி பெவர்லியும் நலம் என்று அறிந்தேன். என் பெயரை இந்த முறையும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். லெய்வியா. ஐந்து வருடப் பழக்கம் நமக்கு.

உங்கள் மனையை ஆறாகப் பிரித்து ஆறு குடும்பங்களுக்குக் கைமாற்றப் போவதாகவும், அவர்கள் வரும் முன் படிப்பதற்கு நடைமுறைக் குறிப்புகள் எழுதித் தரும்படியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல், இனிமையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வெளிநாட்டவரைக் குடியமர்த்தும் அலுவலகத்தில் பதினொரு வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன். நூறு பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பேன். எல்லாமே இனிமையாகத்தான் இருந்தன. இதை அப்படி எழுதப் போவதில்லை. அந்த வேலையை விட்டுப் பத்து நாள் ஆகிறது.

முதலில் தங்கும் அனுமதி. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, குத்தகைப் பத்திரத்தின் நகல், இவை மூன்றும் வேண்டும். எங்கள் அதிகாரிகளிடம் குரலை உயர்த்தக் கூடாது. நீங்கள் ஒரு முறை உயர்த்தினீர்கள். உங்கள் கோப்பு நான்கு மாதம் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. யாரும் பழிவாங்கவில்லை. அதை எடுக்கக் குனிய யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நிலத்தை யாரும் இங்கே விலைக்கு வாங்க முடியாது. ஆறு குடும்பங்களுக்கும் நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் 'உங்கள் சொந்தக் கடற்கரை' என்று அச்சடித்திருக்கிறது. பார்த்தேன். எழுபத்தைந்து வருடக் குத்தகை, அது முடிந்தால் மண் எங்கள் குலத்துக்கு. கடற்கரை எப்போதும் யாருடையதும் அல்ல. இதை அவர்களிடம் நீங்கள் சொல்லியிருந்தால் நான் எழுதத் தேவை இருந்திருக்காது.

தண்ணீர்த் தொட்டி இரண்டு வைக்கச் சொல்லுங்கள். புயல் அடித்தால் ஜன்னல் பலகைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மரவட்டை என்று நினைத்துப் பூரானைக் கையில் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். ஊரே தேவாலயத்தில் இருக்கும், சத்தம் பாட்டுக்கு நடுவே வரும். வழியில் யாரைக் கண்டாலும் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள், வண்டியில் போனாலும். பவளப்பாறையில் மீன்பிடிக்க ஊர் தடை போட்டிருக்கும் மாதங்களில் வலை இறக்க வேண்டாம். வீட்டுக்கு யாராவது கிழங்கு அரைத்துச் சுட்ட லாப்லாப் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாய்க்குப் போடுவதானால் அவர்கள் போன பிறகு போடுங்கள். நீங்கள் அவர்கள் முன்னாலேயே போட்டீர்கள்.

வேலைக்கு வருபவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், பிறகு தங்கள் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள் என்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் 'சரி' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை. சம்மதம் என்றால் அவரே வந்து வேலையைத் தொடங்குவார். புதியவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதும்.

வாசலில் இரண்டு நமேலே இலைகளைக் குறுக்கே கட்டியிருந்தால் அது அலங்காரம் அல்ல. ஊர்த் தலைவர் மாசோவின் உத்தரவில்லாமல் யாரும் அதைக் கட்ட முடியாது. இங்கே ஒரு தகராறு இருக்கிறது, பேசித் தீரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்பது அதன் பொருள். டிசம்பரில் உங்கள் புதிய இரும்புக் கேட்டில் அதைக் கட்டியபோது, உங்கள் காவலாளி யாவிஸ் பக்கத்திலேயே போகவில்லை. அவர் தன்னா தீவுக்காரர். ஊர் வேறானாலும் இலை ஒன்றுதான். நீங்கள் உங்கள் கையால் பிடுங்கினீர்கள். அதைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை எனக்கும் அனுப்பினீர்கள்.

இனி அந்தக் கேட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், 'கேட் விஷயமாக உள்ளூர்க்காரர்களோடு ஒரு சின்ன மனத்தாங்கல், புதியவர்கள் வருவதற்குள் நீ பேசிச் சரிக்கட்டிவிடு' என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன மனத்தாங்கல் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யாவிஸ் பயந்திருப்பார். நான் சொல்கிறேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி. ஆறு நாளாக மழை. ரோடு ஆற்றைக் கடக்கும் சிமெண்ட் தரைப்பாலம் முந்தின நாளே போய்விட்டது. கடலில் படகு இறக்க வழியில்லை. விடுமுறையில் நான் ஊரில் இருந்தேன். என் தம்பி கல்தாவின் மனைவி சேராவுக்கு விடியும்போது வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று ஊர் மருத்துவச்சி சொன்னாள். மருத்துவமனை பக்கத்துக் கிராமத்தில். போக மிச்சமிருந்தது கரையோரப் பாதை ஒன்றுதான். அது உங்கள் மனை வழியாகப் போகிறது.

வீட்டுக் கதவைக் கழற்றி அதில் அவளைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். நான் தலைப்பக்கம் வாழையிலை பிடித்துக்கொண்டு நடந்தேன். எட்டு மணிக்கு உங்கள் கேட்டுக்கு வந்தோம். சங்கிலி, இரண்டு பூட்டு. சாவி தன்னிடம் இல்லை, வீட்டுக்குள் எங்கோ ஒன்று இருக்கலாம் என்றார் யாவிஸ். உங்களுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அவருக்கு உங்கள் பேச்சு புரியாது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? பிரசவம், குழந்தை குறுக்கே, சாவி எங்கே என்று கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அங்கதான் ரோடு இருக்கே, அதுல போகச் சொல்லு. ஒரு தடவ தொறந்துட்டா அப்புறம் மூடவே முடியாது."

"ரோடு அடிச்சிட்டுப் போயிருச்சு சார்," என்றேன்.

"உங்க ஊர்ல ரோடு எப்பத்தான் இருந்துச்சு?"

அதோடு வைத்துவிட்டீர்கள்.

கல்தாவ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா சொல்றாரு?" என்று கேட்டான். "முடியாதுங்கிறாரு," என்றேன். ஐந்து வருடத்தில் உங்கள் வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் ஊருக்குத் திரும்பி ஓடிக் கோடாலி எடுத்துவந்தான். இரும்பை வெட்ட முடியாது. பக்கத்திலிருந்த வேலித் தூண்களை வெட்டினான். நல்ல மரம் போட்டிருக்கிறீர்கள். மூன்று தூண்கள் சாய வேண்டியிருந்தது. யாவிஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அவரும் கம்பியைப் பிடித்து இழுத்தார். இதை எழுதுவதால் அவர் வேலை போகும் என்று தயங்க வேண்டியதில்லை. அவர் போன வாரமே தன்னாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

சேரா அந்த நேரம் முழுவதும் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. சேரா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. நர்ஸ் எங்களை எதுவும் குறை சொல்லவில்லை. எந்த வழியாக வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

இதற்குப் பிறகுதான் உங்கள் வக்கீல் மூலம் புகார் வந்தது. வேலியைச் சேதப்படுத்தியது, அத்துமீறி நுழைந்தது. மார்ச் 19 அன்று கல்தாவ் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். குழந்தையைப் புதைத்த மண் காயும் முன்னே சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். உங்களைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். நான் என்ன நினைக்கிறேன் என்பது இதுவரை படித்ததிலேயே தெரிந்திருக்கும். உங்கள் ஆறு குடும்பங்களும் வரட்டும், புயல் வரட்டும், பூரான் வரட்டும், உதவிக்கு ஓடிவர மரோலாப்பாவில் ஒரு கால் எழாது.

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நிறுத்த முடியவில்லை.

கல்தாவுக்கு வக்கீல் கிடைத்திருக்கிறார். அவர் சொல்லும் வாதம் ஒன்றே ஒன்றுதான்: பாதையை ஒருநாளும் மூடமாட்டேன் என்று நீங்கள் ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தீர்கள், அந்த வாக்கை நம்பித்தான் குலத்தார் குத்தகையில் கைநாட்டு வைத்தார்கள், ஆகவே அது எங்கள் வழி, எங்கள் வழியை மறித்ததைத்தான் வெட்டினோம். பத்திரத்தில் அது இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்கூடமான நகமலில் எழுபது பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். எழுபது பேரும் சாட்சி சொல்லத் தயார். முதல் சாட்சியாக என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

அவர்கள் காதால் கேட்டது என் குரலை.

அன்று குத்தகைக் கூட்டத்தின் மூன்றாவது நாள். எல்லாம் பேசி முடிந்து பாதை விஷயம் ஒன்றில் வந்து நின்றது. பாதை என்ன ஆகும் என்று தலைவர் மாசோ கேட்டார். நான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "இப்போதைக்கு அந்த வழியில போய்க்கட்டும், எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல," என்றீர்கள். இப்போதைக்கு என்ற சொல் எனக்கு நன்றாகக் கேட்டது. அதை அப்படியே சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று தெரியும். எங்கள் ஊருக்கு முதலீட்டாளரைக் கொண்டுவந்தவள் என்று எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் நல்லவராகத்தான் தெரிந்தீர்கள். ஒரு பாதையை யார் மூடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று சொன்னேன்: "பாதை எப்பவும் நம்மளோடதுதான், ஒருநாளும் மூடமாட்டேன்னு சொல்றாரு." எல்லாரும் தரையில் காலைத் தட்டினார்கள். நீங்கள் சிரித்துக் கையசைத்தீர்கள். எதற்கென்று தெரியாமலே.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் சேரா முதல்முறையாகப் பேசினாள். "மூடமாட்டேன்னுதானே அவரு சொன்னாரு? நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கல்தாவிடம் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் வள்ளிக்கிழங்குக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு இரண்டு குச்சிகளை நட்டான். பிறகு, "அப்ப நான் வெட்டினது நம்ம வழியே இல்லையாக்கா," என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து என் கையால் கொடுக்கும் எதையும் அவன் சாப்பிடுவதில்லை. வக்கீலிடமும் தலைவரிடமும் நானே போய்ச் சொன்னேன். எழுபது பேர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர்கள் கேட்டது உங்கள் வாக்கு இல்லை என்று நீதிபதி முன்னாலும் சொல்வேன். உங்கள் வக்கீலுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். பிரதி ஒன்றை ஆறு குடும்பங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்காக நீங்கள் கேட்ட நடைமுறைக் குறிப்புகள் இவைதான்.

நான் அன்று பொய் சொன்னதால் உங்கள் பங்கு குறையாது. சாவி எங்கே என்று சொல்ல வாக்குக் கொடுத்திருக்கத் தேவையில்லை. என் பங்கோடு நான் எங்கள் ஊரில் இருக்கப் போகிறேன். உங்கள் பங்கு என்ன என்று பிரிஸ்பேனில் இருந்தபடி உங்களுக்குத் தெரியவராது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன். மார்ச் 16, திங்கட்கிழமை, நகமலில் ஊர் கூடுகிறது. வாருங்கள். உங்களை யாரும் தொடமாட்டார்கள், தலைவர் மாசோ பொறுப்பு ஏற்றிருக்கிறார். சமாதானத்துக்கென்று பன்றி கொண்டுவர வேண்டாம், பாய் கொண்டுவர வேண்டாம், அதெல்லாம் பேசி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம். வந்து எழுபது பேர் முன்னால் உட்காருங்கள். பாதை திறந்திருக்கும் என்றால் திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். மூடத்தான் செய்வேன் என்றால் அதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். மொழிபெயர்க்க வேறு ஆளைக் கேட்டுப் பார்த்தார்கள். நானே செய்கிறேன் என்றேன். கல்தாவ் எழுந்து வெளியே போகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை மட்டும் சொல்வேன், ஒரு சொல் கூட்டமாட்டேன்.

திருமதி பெவர்லியையும் அழைத்து வாருங்கள். நவம்பரில் அவர் சேராவுக்கு ஒரு சின்னத் தொப்பி பின்னிக் கொடுத்தார், மஞ்சள் நூலில். உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களிடமிருந்து வந்த எல்லாவற்றையும் தீயில் போடு என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். சேரா அதை மட்டும் கொடுக்கவில்லை. அவர் ஒன்றும் பேச வேண்டாம். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
லெய்வியா